உயிர்விளக்கு

இக்னேஷியஸ் அன்றைக்கு ஒரு இடத்தில்கூடத் தப்பு விடவில்லை. அதுதான் ஜெசிந்தாவுக்கு உறுத்தியது.

கல்யாணத்துக்கு முன்பிருந்தே அவன் கிதாரைக் கேட்டு வருகிறவள் அவள். இரண்டாவது சரணத்துக்குள் நுழையும்போது தாளத்தை முந்தி லேசாக ஓட ஆரம்பிப்பான். விரல் வேர்த்துவிட்டால் கீழ்த்தந்தியில் ஒரு கரகரப்பு கேட்கும். பாட்டு முடியும் இடத்தில், அவள் வயலின் வில்லை இழுத்து நிறுத்துவதற்குள், வேண்டுமென்றே ஒரு சின்னக் குறும்பு செய்துவிட்டுத்தான் ஓய்வான். அன்றைக்கு இதில் எதுவும் இல்லை. இஸ்திரி போட்ட சட்டை மாதிரி மடிப்புக் கலையாமல் வாசித்து முடித்தான்.

"நல்லா இருந்துச்சு, என்ன?" என்று எழுத்தில் வந்தது அவன் செய்தி.

"ரொம்ப" என்று அவளும் எழுதி அனுப்பினாள். கணினிப் பெட்டியை அணைத்த பிறகும் வயலினை மடியில் வைத்தபடி வெகுநேரம் உட்கார்ந்திருந்தாள்.

அவன் ஆப்பிரிக்காவின் மேற்குக் கரைக்கு அப்பால் ஒரு சரக்குக் கப்பலில் பொறியாளன். அவள் தூத்துக்குடியில், மீன்பிடித் துறைமுகத்துக்குப் பின்னால் இருக்கும் தெருவில். இங்கே மாலை ஆறு மணி என்றால் அங்கே மதியச் சாப்பாட்டு நேரம். அந்த நேரத்தில் இருவரும் சேர்ந்து வாசிப்பார்கள். முன்பெல்லாம் இது நடக்கிற காரியமாக இல்லை. கப்பலிலிருந்து செயற்கைக்கோளுக்கு ஏறி, அங்கிருந்து தரைக்கு இறங்கி ஒலி வந்து சேர்வதற்குள் ஒரு தாளம் கடந்து போயிருக்கும். பேச்சுக்கு அந்தத் தாமதம் பரவாயில்லை, பாட்டுக்கு ஆகாது. ஒருவர் 'ச' பிடிக்கும்போது மற்றவர் 'ரி'யில் இருப்பார்.

முந்திசை வந்த பிறகுதான் அந்தக் கஷ்டம் தீர்ந்தது. அடிப்படையில் அது ஓர் ஒலிப்பதிவு மென்பொருள்தான். வாசிப்பவரின் கையை அது சில நாட்கள் கேட்டுப் பழகிக்கொள்ளும். பிறகு, அடுத்து என்ன வாசிப்பார் என்பதை ஊகித்து, நிஜமான ஒலி வந்து சேர்வதற்கு முன்பே எதிர்முனையில் அதை எழுப்பிவிடும். நிஜ ஒலி வந்ததும் சத்தமில்லாமல் தன் ஊகத்தைச் சரிசெய்துகொள்ளும். இந்த ஊகத்துக்கு 'முந்தல்' என்று பெயர். முதல் பதிப்பில் கண்ணிமைக்கும் அளவுக்குத்தான் முந்தியது. அடுத்த பதிப்பில் ஒரு மூச்சு. அதற்கடுத்து பாட்டின் ஒரு முழு வரி.

அதன்பின் ஆறு மணி என்பது ஊருக்கே பொதுவான நேரமாகிவிட்டது. நாகசுரக்காரர் ஓர் ஊரிலும் தவில்காரர் இன்னோர் ஊரிலும் இருந்தபடி கல்யாணத்துக்கு வாசித்தார்கள். துபாயிலும் மும்பையிலும் சிதறிக் கிடந்த அண்ணன் தம்பிகள் ஆளுக்கொரு வாத்தியத்தை எடுத்துக்கொண்டார்கள். வாசித்து முடித்ததும் பெட்டி ஒரு பதிவைச் சேமித்துக் கொடுக்கும். காதுகுத்துக்கும் வளைகாப்புக்கும் ஜனங்கள் அந்தப் பதிவுகளைத்தான் போட்டார்கள். "எங்க வீட்டு ஆளுங்க வாசிச்சது" என்று சொல்லிக்கொள்வதில் அத்தனை பெருமை.

அந்த முந்திசையைச் செய்யும் நிறுவனத்தில்தான் ஜெசிந்தா வேலை பார்த்தாள். மென்பொருளில் பிழை கண்டு திருத்தும் பிழைக்குழுவின் தலைவி. புருஷன் திடீரென்று பிரமாதமாக வாசித்தால் வேறொரு பெண்டாட்டி சந்தோஷப்பட்டிருப்பாள். ஜெசிந்தாவுக்குத் தொழில்புத்தி குறுக்கே வந்தது.

மறுநாள் அலுவலகத்துக்கு வந்த பிழைப் புகார்களில் ஒன்று மணப்பாட்டிலிருந்து வந்திருந்தது. அனுப்பியவர் எமிலியா டீச்சர், பூகோளம் கற்பித்து ஓய்வு பெற்றவர். அதில் ஒரே ஒரு வரி. "நான் பாடாதபோது என்னைப் பாட வைத்தது யார் என்று தெரிய வேண்டும்."

இப்படிப்பட்ட புகாருக்கு எழுத்திலேயே பதில் அனுப்புவதுதான் வழக்கம். ஜெசிந்தா வண்டியை எடுத்துக்கொண்டு நேரே மணப்பாட்டுக்குப் போனாள்.

டீச்சர் கட்டிலில் சாய்ந்திருந்தார். இடுப்பில் அறுவைசிகிச்சை முடிந்து தையல் பிரித்திருந்தார்கள். குரல் மட்டும் இன்னும் பின்பெஞ்சு வரைக்கும் கேட்கிற மாதிரி கணீரென்று இருந்தது.

"உக்காரும்மா. கோயில் பாடகர் குழு தெரியுமில்ல? இப்ப பாதிப்பேரு வெளியூரு. எல்லாரும் அவங்கவங்க வீட்டுல இருந்து பாடுறோம். அன்னிக்குத் திருவிழாப் பாட்டு ஒத்திகை. பாதியில தண்ணி குடிக்கலாம்னு எந்திரிச்சேன். காலு வழுக்கிருச்சு."

"எந்த இடத்துல, டீச்சர்?"

"ரெண்டாவது சரணம் ஆரம்பம். கீழ கெடக்கேன், அசைய முடியல. கத்துறேன். யாருக்கும் கேக்கல."

ஜெசிந்தாவுக்குக் காரணம் உடனே பிடிபட்டது. பாட்டில் சேராத சத்தத்தை முந்திசை இரைச்சல் என்று எடுத்து வடிகட்டிவிடும். மிக்ஸி ஓடுவதையும் நாய் குரைப்பதையும் நீக்குவதற்காகச் செய்த வசதி அது. கத்தலும் அந்தக் கணக்கில் போய்விட்டது.

"அது போகட்டும்" என்றார் டீச்சர். "எல்லாக் குரலும் சேந்து என் பெட்டியில வருமில்ல? அதுல என் குரலும் வருது. நான் தரையில கெடந்து கத்துறேன், அங்க நான் பாடிக்கிட்டு இருக்கேன். சுருதி சுத்தமா. மூச்சு வாங்காம. கடைசிச் சரணம் வரைக்கும். முடிஞ்சதும் எங்க குழுவை நடத்துற அருள்தாஸ் மாஸ்டர் சொல்றாரு, 'எமிலியா டீச்சர், இன்னிக்கு உங்க குரலுதான் தூக்கி நிறுத்துச்சு'ன்னு. எல்லாரும் கைதட்டிட்டு அணைச்சுட்டுப் போயிட்டாங்க. விடிஞ்சு பால் ஊத்துறவன் வந்துதான் பாத்தான்."

சொல்லிவிட்டு அன்றைய பதிவைப் போட்டுக் காட்டினார். ஜெசிந்தா கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள். ஒலிகளுக்கு நடுவே பிழையைத் தேடுவதுதான் அவள் பிழைப்பு. முதல் சரணத்திலிருந்து இரண்டாவதுக்குப் பாட்டு நழுவியது. எங்கே விழுந்தார் என்று அவளால் சொல்ல முடியவில்லை.

"தெரியலல்ல?" என்றார் டீச்சர். "எனக்கே தெரியல. விழுந்ததுக்கு அப்புறம் இன்னும் நல்லாப் பாடுற மாதிரி இருக்கு. அதத்தான் என்னால பொறுக்க முடியல."

திரும்பி வருகிற வழியெல்லாம் ஜெசிந்தாவுக்குள் மனைவியின் காதும் பிழைக்குழுத் தலைவியின் காதும் ஒன்றாகிவிட்டிருந்தன. நேற்று வாசித்தது யார்?

அலுவலகத்தில் பெருமாளின் முன்னால் போய் நின்றாள். பெருமாள் புதுமைக்குழுவின் தலைவன், அவளைவிடச் சின்னவன். முந்தலின் வரம்பை ஒவ்வொரு பதிப்பிலும் நீட்டிக்கொண்டு போனது அவன் குழுதான்.

"ஒருத்தர் வாசிக்கிறத நிறுத்திட்டா முந்திசை என்ன செய்யும், பெருமாளு?"

"லைன் அறுந்துருச்சுன்னு எடுத்துக்கும். பாட்டு முடியிற வரைக்கும் கொண்டுபோயிரும்."

"அது பிழையில்லையா?"

"பிழையில்லக்கா. வேணும்னுதான் செஞ்சோம்." அவன் நாற்காலியைத் திருப்பிக்கொண்டான். "முன்னாடி நிறுத்துனா நின்னுரும். ஞாபகம் இருக்கா? 'பாட்டு பாதியில அறுந்துபோகுது'ன்னு ஊரெல்லாம் புகார். அதத் திருத்திக் குடுத்ததே உங்க குழுதான்."

அது உண்மைதான். ஆனால் அவன் பதில் அத்தனை தயாராக இருந்ததே, அது அவளுக்குப் பிடிக்கவில்லை. இந்தக் கேள்வியை அவளுக்கு முன்னாலேயே யாரோ கேட்டிருக்கிறார்கள்.

"எத்தனை பேரு வாசிக்காம இருக்காங்கன்னு உனக்குத் தெரியும், இல்லையா?"

பெருமாள் திரையைப் பார்த்தபடியே சொன்னான். "எண்ணிப் பாக்கணும்னு எங்களுக்குத் தோணல."

நிர்வாகி திலகவதி அதைவிடத் தெளிவாகப் பேசினார். அடுத்த பதிப்பில் 'நீள்முந்தல்' வரப்போகிறது. முதல் சில வரிகளை வாசித்துவிட்டால் போதும். இணைப்பு முழுதாகப் போய்விட்டாலும் மொத்தக் கச்சேரியையும் அது தொடர்ந்து கொண்டுபோகும். கடலில் இருப்பவர்களுக்கும் மலையில் இருப்பவர்களுக்கும் வரப்பிரசாதம் என்று விளம்பரமெல்லாம் தயாராகிவிட்டது.

"அதுக்கு முன்னால இதத் திருத்தணும், மேடம். நிறுத்தினா நிக்கணும். ஒரு உயிர் போகப் பாத்துச்சு."

"ஜெசிந்தா, நீங்க திருத்தினா என்ன ஆகும்? ஆறு மணிக்கு வீட்டுக்கு வீடு பாட்டு நிக்கும். ஜனங்க அதைத் திருத்தம்னு சொல்ல மாட்டாங்க, முந்திசை கெட்டுப்போச்சுன்னுதான் சொல்வாங்க. புதுசா ஒண்ணு குடுத்தா கைதட்டுவாங்க. பழைய ஓட்டையை அடைச்சா, 'அப்ப இத்தனை நாளா ஓட்டை இருந்துச்சா'ன்னு கேப்பாங்க."

"இருந்துச்சே."

"எனக்குத் தெரியும்" என்றார் திலகவதி. பேச்சு அதோடு முடிந்தது.

சாயங்காலம் ஜெசிந்தா வண்டியைத் தெருமுனையிலேயே நிறுத்திவிட்டு நடந்தாள். மணி ஆறு. ஒவ்வொரு வீட்டிலிருந்தும் ஒரு வாத்தியம் கேட்டது. ஆர்மோனியம், கடம், ஒரு பெண் குரல். தினமும் கேட்டுக் கேட்டுச் சலித்த சத்தம்தான், இன்றைக்கு அவள் ஒவ்வொரு ஜன்னலையும் எட்டிப் பார்த்தாள். மரியாதையில்லாத வேலை என்று தெரிந்தும் பார்த்தாள்.

மூன்றாவது வீட்டில் மச்சாது அண்ணன் குடியிருந்தார். அவருடைய புல்லாங்குழல் இசை தெருவரைக்கும் மிதந்து வந்தது. கூடத்தில் அண்ணன் உட்கார்ந்திருந்தார். குழல் மேசைமேல் கிடந்தது. அவர் வேர்க்கடலையைத் தோலுரித்து ஒவ்வொன்றாக வாயில் போட்டுக்கொண்டு இன்னொரு திரையில் கால்பந்து பார்த்துக்கொண்டிருந்தார். குழல் உருகிக்கொண்டிருந்தது. ஜன்னலில் ஜெசிந்தாவைக் கண்டதும் சட்டென்று கடலைத் தட்டை மறைத்தார்.

"ஒரு நிமிஷம் ஓய்வு எடுத்தேன்" என்றார்.

"வாசிங்கண்ணே, வாசிங்க" என்று நகர்ந்தாள்.

இதில் எத்தனை கை நிஜம்? அந்தக் கேள்வி வந்த பிறகு தெருவே மாறிவிட்டது. தங்களுக்காகத்தான் இவர் வாசிக்கிறார் என்று எங்கோ நாலு பேர் நம்பிக்கொண்டிருப்பார்கள். அந்த நாலு பேரும் வாசிக்கிறார்களா என்பதற்கு என்ன அத்தாட்சி? அஞ்சு பேரும் கடலை தின்றுகொண்டிருந்தால், சேமித்து வைக்கிற அந்தப் பதிவில் இருப்பது யார்?

நிர்வாகம் திருத்தத்துக்கு ஒப்புக்கொள்ளாது என்று தெரிந்துவிட்டது. பாட்டை நிறுத்தாமல் வேறு ஏதாவது செய்ய முடியுமா என்று ஜெசிந்தா யோசித்தாள். வழி எளிமையாகத்தான் இருந்தது. ஒவ்வொருவர் பெயருக்குப் பக்கத்திலும் ஒரு சின்னப் பச்சைப் புள்ளி. அந்த ஆளிடமிருந்து நிஜ ஒலி வந்துகொண்டிருந்தால் எரியும். வெறும் முந்தல் மட்டும் ஓடினால் அணையும். பாட்டு நிற்காது, ஆனால் தெரிந்துவிடும். உயிர்விளக்கு என்று அதற்குப் பெயர் வைத்தாள்.

யாருக்கும் சொல்லாமல் தன் வீட்டுப் பெட்டியில் முதலில் போட்டாள். தன் திரையில் மட்டும் தெரியும்படி.

முதல் நாள், முதல் பாட்டு முழுக்க இக்னேஷியஸின் விளக்கு எரிந்தது. அவளுக்கு வெட்கமாகக்கூடப் போயிற்று. இரண்டாவது பாட்டின் பல்லவியில் அது அணைந்தது. கிதார் நிற்கவில்லை. அதே நிதானம், அதே அழகு. ஜெசிந்தாவின் வில் தானாகக் கீழே இறங்கியது. அந்தப் பாட்டின் கடைசிச் சரணத்தில்தான் விளக்கு மறுபடி எரிந்தது.

"நல்லா இருந்துச்சு, என்ன?" என்று செய்தி வந்தது.

அடுத்த நாளும் அப்படித்தான். அதற்கடுத்த நாள் விளக்கு இன்னும் சீக்கிரமே அணைந்தது. அவன் எங்கே போகிறான்? யாரோடு இருக்கிறான்? மதியச் சாப்பாட்டு நேரத்தில் எஞ்சின் ரூமில் அப்படி என்ன வேலை? கப்பலில் பெண் அதிகாரிகளும் உண்டு, அது அவளுக்குத் தெரியும். தெரிந்ததையெல்லாம் மனசு வரிசையாக எடுத்து வைத்தது.

நாலாவது நாள் அவளால் தாங்க முடியவில்லை. விளக்கு அணைந்து எரிந்து பாட்டும் முடிந்ததும் நேரே குரலில் அழைத்தாள்.

"எங்க போனீங்க?"

தாமதம் கடந்து அவன் குரல் வந்தது. "எங்கயும் போகலயே."

"ரெண்டாவது பாட்டுல போனீங்க. நேத்தும் போனீங்க. முந்தாநாளும்."

இந்தத் தடவை வந்த தாமதம் செயற்கைக்கோளின் தாமதத்தைவிட நீளமாக இருந்தது.

"சாப்பிடப் போறேன், ஜெசி. இங்க அரைமணி நேரம்தான் விடுவாங்க. வாசிச்சா சாப்பாடு இல்ல. கொஞ்ச நாளாப் பசி தாங்கல. ஒங்கிட்ட சொன்னா வேண்டாம், நிறுத்திக்கலாம்னு சொல்லுவ. ஒனக்கு இருக்கிறது அந்த அரைமணி நேரம்தான். எதுக்குக் கெடுக்கணும்னு ஓடட்டும்னு விட்டேன்."

சிரிக்கலாமா அழலாமா என்று அவளுக்குத் தெரியவில்லை. அதற்குள் அவன் கேட்டான். "நான் போனது ஒனக்கு எப்படித் தெரிஞ்சுச்சு?"

விளக்கைப் பற்றிச் சொன்னாள். அவன் கேட்டுக்கொண்டிருந்தான்.

"சரி. நான் இல்லாதப்ப நீ வாசிச்சியா?"

ஜெசிந்தா மடியில் கிடந்த வில்லைப் பார்த்தாள்.

"ஏன் கேக்கேன்னா, இங்க வயலின் நிக்கவே இல்ல. நான் தட்டோட இங்கதான் ஒக்காந்திருக்கேன், ஒன் வயலினைக் கேட்டுக்கிட்டே சாப்பிடுறேன். அது ஒண்ணுதான் எனக்கு இங்க ருசி. நாலு நாளா நான் கேட்டது நீதானா?"

நாலு நாளாக அவள் வில்லை மடியில் போட்டுவிட்டு ஒரு பச்சைப் புள்ளியை முறைத்துக்கொண்டிருந்தாள். அவள் வயலின் அவனுக்காக அங்கே இழைந்துகொண்டிருந்தது.

"நாலு நாளா நான் வாசிக்கல" என்றாள் மெதுவாக.

"அப்ப நம்ம ரெண்டு பேரும் இல்லாம ஒரு கச்சேரி நடந்துருக்கு" என்றான் இக்னேஷியஸ். அவன் குரலில் கோபம் இல்லை. கோபப்பட்டிருந்தால் அவளுக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

மறுநாள் அவள் எமிலியா டீச்சரின் பதிவையும் தன் வீட்டு நாலு நாள் பதிவுகளையும் எடுத்துக்கொண்டு கூட்டத்துக்குப் போனாள். எல்லோரும் இருக்கும்போது போட்டுக் காட்டினாள். "இதுல மனுஷன் எங்க இருக்கான், எங்க இல்லன்னு சொல்லுங்க" என்றாள். ஒருவராலும் சொல்ல முடியவில்லை. பெருமாள் தலையைக் குனிந்துகொண்டான். அவன் அப்பா மலேசியாவிலிருந்து அவனோடு தினமும் மிருதங்கம் வாசிக்கிறவர். அவன் மனசு எங்கே போயிருக்கும் என்று அவள் ஊகித்தாள்.

பாட்டை நிறுத்துகிற திருத்தம் கிடைக்கவில்லை. ஆனால் உயிர்விளக்குக்கு அனுமதி கிடைத்தது. பெருமாளே அவள் பக்கம் நின்று பேசினான். நீள்முந்தலும் உயிர்விளக்கும் ஒரே பதிப்பில் வெளிவந்தன. இனிமேல் புதுமைக்கு முன்னால் பிழைதான் பார்க்கப்படும் என்று திலகவதி எல்லோர் முன்னிலையிலும் வாக்குக் கொடுத்தார். இந்த ஒரு வார்த்தைக்காகத்தான் ஜெசிந்தா இத்தனை வருஷம் சண்டை போட்டுக்கொண்டிருந்தாள்.

முதல் வாரம் ஊர் அல்லோலகல்லோலப்பட்டது. அண்ணன் தம்பிகள் பேச்சை நிறுத்திக்கொண்டார்கள். பக்கத்து ஊர் பஜனைக் குழு ஒன்றில் ஆறு பேரில் ஒரே ஒரு விளக்குதான் எரிந்ததாம். அந்த மனிதர் பாடுவதை விட்டுவிட்டு அழுதாராம். மச்சாது அண்ணன் ஜன்னலுக்குத் திரை போட்டார். அதே நேரத்தில் பாராட்டும் குவிந்தது. இத்தனை நாள் ஏமாந்திருந்தோம், கண்ணைத் திறந்துவிட்டீர்கள் என்று எழுதினார்கள். ஜெசிந்தா ஒவ்வொன்றையும் படித்தாள். அவள் பிழைக்குழுவுக்கு யாரும் நன்றி சொன்னது அதுதான் முதல் தடவை.

அதற்குப் பிறகு மற்ற கடிதங்கள் வரத் தொடங்கின.

"வாத்தியத்தைச் சுருதி சேர்ப்பதற்குள் என் விளக்கு அணைந்துவிடுகிறது. இது பிழை."

"பிள்ளை அழுதால் தூக்கப் போக வேண்டாமா? என் மனசு பாட்டில்தான் இருந்தது. விளக்கு பொய் சொல்கிறது."

"என் மாமியார் விளக்கைத்தான் பார்க்கிறார். திருத்தவும்."

எமிலியா டீச்சர் தொலைபேசியிலேயே கூப்பிட்டுவிட்டார். "ஏம்மா, மூச்சு வாங்க ரெண்டு வரி விட்டா இருபது பேரு கூப்பிடுறாங்க. பக்கத்து வீட்டுக்காரி கதவை இடிக்கா. நான் விழுந்தா மட்டும் அணையட்டும். மத்த நேரம் எரிய விடு."

"நீங்க விழுந்தீங்களா, தண்ணி குடிக்கப் போனீங்களான்னு அதுக்கு எப்படி டீச்சர் தெரியும்?"

"அது உன் வேலைம்மா" என்றார் டீச்சர்.

அடுத்தவர் விளக்கு அணைவதைப் பற்றி ஒரு புகார்கூட வரவில்லை. அதில் எல்லோருக்கும் திருப்தி. தன் விளக்கு அணைவதுதான் பிழை. ஆயிரக்கணக்கில் குவிந்த கடிதங்கள் எல்லாவற்றிலும் இருந்தது ஒரே வேண்டுகோள்தான்: என் விளக்கு அணையக் கூடாது.

பெருமாள் அவள் மேசைக்கு வந்தான். "இது எங்க குழுவுக்கு வர வேண்டியதுன்னு நெனச்சேன், அக்கா. புது வசதியா எடுத்துச் செய்யலாம்னு மேடம்கிட்ட கேட்டேன். அவங்க இல்லன்னுட்டாங்க. ஜனங்க பிழைன்னுதான் எழுதிருக்காங்க. பிழைன்னா உங்க குழு."

"நீயும் எழுதினியா?"

அவன் கழுத்தைத் தடவிக்கொண்டான். "அப்பா ஒரு நாளும் விடாம என் விளக்கையே பாத்துக்கிட்டு இருக்காருக்கா. வேலை இருந்தாகூட எந்திரிக்க முடியல."

அவள் திலகவதியின் அறைக்குப் போனாள். வாதாடுவதற்கு வேண்டியதை வழியெல்லாம் மனசுக்குள் அடுக்கிக்கொண்டு போனாள். திலகவதி அவளைப் பேசவிடவில்லை, திட்டவும் இல்லை. உண்மையாகவே அக்கறையோடுதான் சொன்னார்.

"புதுமைக்கு முன்னால பிழைன்னு நீங்கதான் கேட்டீங்க. குடுத்தாச்சு. இதுவரைக்கும் வந்ததுலயே பெரிய பிழை இதுதான். மத்த எல்லாத்தையும் நிறுத்தி வச்சிருக்கேன். உங்களுக்கு எத்தனை ஆள் வேணும்?"

"எரியவே கூடாத நேரத்துல எரியிற விளக்கு எதுக்கு மேடம்?"

"அணையிற விளக்கை யாரும் வச்சுக்க மாட்டாங்களே, ஜெசிந்தா. மூணுல ஒரு பங்கு ஆளுங்க அதை மூடி வச்சுட்டாங்க. எரியிறதா இருந்தா திறந்து வைப்பாங்க. திறந்து வச்சாத்தான் என்னிக்காவது ஒருத்தர் விழுந்தது தெரியும்."

அந்தக் கடைசி வாக்கியத்தில் எங்கோ ஒரு ஓட்டை இருக்கிறது என்று அவளுக்குத் தெரிந்தது. எங்கே என்று விரல் வைக்க முடியவில்லை.

மூன்று நாள் உட்கார்ந்து ஒரு சோதனைப் பதிப்பு செய்தாள். வாசிப்பவர் நிறுத்தினாலும் விளக்கு உடனே அணையாது. அந்த ஆளின் பழக்கத்தைப் பார்த்து, இவ்வளவு நேரம் ஓய்வு எடுப்பார், இந்த இடத்தில் எழுந்து போவார், திரும்பி வருவார் என்று ஊகித்து, அதுவரை எரிந்துகொண்டிருக்கும். முந்தலைப் போலவே விளக்குக்கும் ஒரு முந்தல். அது எவ்வளவு நேரம் ஊகிக்கலாம் என்பதற்கு ஒரு வரம்பு வைக்க வேண்டும். மேடம் நீளமாக வேண்டும் என்றார், அவள் குறுக்க வேண்டும் என்றாள். எதற்கும் நிஜமான இரண்டு பேரை வைத்துச் சோதித்துப் பார்த்துவிட்டு முடிவு செய்யலாம் என்று ஒத்துக்கொண்டார்கள்.

நிஜமான இரண்டு பேர் என்றதும் அவளுக்கு நினைவுக்கு வந்தது தானும் இக்னேஷியஸும்தான். அவனுக்கும் அனுப்பிவைத்தாள். அன்று சாயங்காலம் வீட்டுக்குப் போக முடியாது, வரம்பைத் திருத்தித் திருத்திப் பார்க்க வேண்டிய வேலை கிடந்தது. சோதனை அறையில் ஒரு வயலின் இருந்தது. ஆறு மணிக்கு அதை எடுத்து முதல் பாட்டின் பல்லவியை மனசார வாசித்தாள். அவன் கிதார் சேர்ந்துகொண்டது. இன்றைக்கு அவனுக்குச் சாப்பாடு முன்னாலேயே கிடைத்திருக்கும் என்று நினைத்துக்கொண்டாள். பெருமாள் கதவைத் தட்டி ஏதோ ஒரு எண்ணைக் கேட்டான். வயலினை மேசைமேல் வைத்துவிட்டு எழுந்தாள்.

அந்த எண்ணிலிருந்து இன்னொரு சிக்கல் வந்தது. அதைத் தீர்த்தபோது வேறொன்று முளைத்தது. அவள் விசைப்பலகையைத் தட்டிக்கொண்டே இருக்க, அறையின் மூலையில் அவள் வயலின் தன்பாட்டுக்கு இழைந்துகொண்டிருந்தது. நடுவில் ஒருதரம் திரும்பித் திரையைப் பார்த்தாள். அவள் பெயருக்குப் பக்கத்தில் பச்சைப் புள்ளி அசையாமல் எரிந்துகொண்டிருந்தது. சோதனை வேலை செய்கிறது என்ற சந்தோஷத்தில் மறுபடி வேலைக்குத் திரும்பினாள்.

பாட்டுகள் முடிந்தன. செய்தி வந்த ஒலி கேட்டு நாற்காலியைத் திருப்பினாள்.

"இன்னிக்கு நீ வாசிச்ச மாதிரி என்னிக்கும் வாசிச்சதில்ல. விளக்கு ஒரு தடவைகூட அணையல. பாத்துக்கிட்டே இருந்தேன்."

ஜெசிந்தாவின் விரல் எழுத்துகளின் மேல் போய் நின்றது. உண்மையை எழுத வேண்டும். நான் இல்லை, நான் வேலையில் இருந்தேன் என்று எழுத வேண்டும். ஒரு வார்த்தை அடித்தாள், அழித்தாள்.

அப்போதுதான் அவன் பெயரைப் பார்த்தாள். அதன் பக்கத்தில் இருந்த விளக்கும் ஒரு தடவைகூட அணைந்ததாகப் பதிவில் இல்லை. இப்போதும் எரிந்துகொண்டிருந்தது, பாட்டு முடிந்து, கிதார் ஓய்ந்து இத்தனை நேரத்துக்குப் பிறகும்.